பத்தே முக்கால் மில்லி

கொஞ்சம் மெதுவாகப் பேசலாமுங்களா? முன்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம் பச்சைச் சேலை கட்டியிருக்கிறாளே, அவள் என் மருமகள். பேர் வளர்மதி. காலையில் கோயமுத்தூர் வரும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். திரும்பும்போது அங்கே போய்விட்டாள். அந்தப் பிள்ளை ஏன் அழுகிறது என்று நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் பஸ்ஸில் யாரிடமும் வாய் திறக்கிற ஆள் இல்லை. டிக்கெட் வாங்குவதோடு சரி.

என் பேர் சென்னியப்பன். ஊர் புளியம்பட்டிக்குப் பக்கம். பால் சொசைட்டியில் டெஸ்டராக முப்பத்து நான்கு வருஷம், நாலு மாதம் இருந்தேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனால் கேன் மூடியைத் திறந்ததும் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு லாக்டோமீட்டரையும் போட்டுப் பார்ப்பேன். கண் சொன்னால் போதும் என்று விட்டுவிட எனக்கு மனசு வராது. சொசைட்டித் தலைவர் வீட்டுப் பாலையே இரண்டு தரம் திருப்பி அனுப்பியவன் நான். "சென்னியப்பண்ணன் பெத்த பிள்ளைக்கே லாக்டோமீட்டர் போடுவாரு" என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அந்தப் பெற்ற பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். பூபதி. முப்பத்தொன்பது வயது. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். கோயமுத்தூரில் குடியை விடுவதற்கென்று ஓர் இல்லம் இருக்கிறது, அங்கே சேர்த்திருக்கிறோம். இன்றோடு இருபத்து மூன்று நாள். சேர்த்தது இது இரண்டாம் முறை. முதல் முறை சேர்த்தபோது நிறுத்திவிட்டான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக நிறுத்திவிட்டான். நானூற்று இருபத்தாறு நாள்.

நான் எண்ணினேன். சொசைட்டியில் மீந்த பழைய ரிஜிஸ்டர் ஒன்று என்னிடம் இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் ஓர் எண். அவனிடம் காட்டியதில்லை. ஒரு வார்த்தை பாராட்டியதும் இல்லை. பாராட்டினால் கெட்டுப்போய்விடுவான் என்று ஒரு பயம்.

இப்போது பீப்பாய்க்கு வர வேண்டும். பீப்பாய் இல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் ரோட்டுக்கு எங்கள் நிலத்தில் முப்பது சென்ட் போயிற்று. பணம் வந்தது. அந்த நேரம் பார்த்து முரளிதரன் பழக்கமானார். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், காலையில் நடக்கும்போது கூட வருவார். அவர்தான் போனில் படம் காட்டினார். ஸ்காட்லாந்து என்று ஒரு தேசம். அங்கே இருநூறு வருஷமாக விஸ்கி காய்ச்சுகிற ஓர் ஆலை. கருங்கல் கட்டடம், பக்கத்தில் ஓடை, குளிரில் போர்த்திக்கொண்டு நிற்கிற ஆடுகள் மாதிரி வரிசையாகக் குடோன்கள். காய்ச்சியதை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி உள்ளே உருட்டி வைத்துவிடுவார்களாம். பத்து வருஷம், பதினெட்டு வருஷம், சிலது முப்பது வருஷம். இருக்க இருக்க விலை ஏறும். ஒரு பீப்பாயை நம் பேருக்கு வாங்கிப் போட்டுவிடலாம், அது அங்கேயே கிடக்கும், வேண்டும்போது விற்கலாம் என்றார்.

"நமக்கெதுக்குங்க சாராயத்து யாவாரம்?" என்றேன்.

"தங்கம் வாங்கி வெக்கறவன் எல்லாம் கழுத்துல போட்டுட்டாண்ணா திரியறான்? இது சொத்து. நீங்க மோந்துகூடப் பாக்க வேண்டியதில்ல."

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தப் பணத்து ஆசையைவிட வேறொன்றுதான் என்னை இழுத்தது. ஆயுள் முழுக்க நான் கட்டிக்கொண்டு அழுதது சாயங்காலத்துக்குள் திரிந்துபோகிற சாமான். வண்டி அரை மணி நேரம் தாமதமானால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சும்மா கிடந்து கிடந்தே நல்லதாகிற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றதும் மனசு விழுந்துவிட்டது.

அப்படியும் விசாரிக்காமல் வாங்கவில்லை. வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிப் போய்விடும் என்று காகிதத்தில் போட்டிருந்தது.

"ரெண்டு பங்கா? எங்க சொசைட்டியில அரைப் பங்கு கொறைஞ்சா செகரட்டரி சம்பளத்துல புடிப்போம். இது எங்க போகுது?"

"தேவதைங்க குடிச்சிடுதுன்னு அந்த ஊர்ல சொல்றாங்கண்ணா."

"தேவதை குடிக்குமுங்களா?"

"அங்க குடிக்குது."

"யாரு அளந்து பாத்தாங்க?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாங்கினேன். மூன்று வருஷம் கிடந்த பீப்பாய், இருநூறு லிட்டர், எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. மூடிப் பலகையில் வெள்ளை மையில் எண் எழுதியிருக்கிற படம் போனில் வந்தது.

வீட்டில் சொல்லவில்லை. சம்சாரம் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பூபதி அப்போது முழு நேரமும் குடித்துக்கொண்டிருந்த காலம். அவன் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து நான் மோந்து பார்ப்பேன். பிறகு என் அறைக்குப் போய்ப் பீப்பாயின் படத்தைப் பார்ப்பேன். இரண்டும் ஒரே சாமான் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

இந்தச் சித்திரையில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. எங்கேயோ ஒருத்தன் ஒரே பீப்பாயை ஐந்து பேருக்கு விற்றுவிட்டானாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. முரளிதரனைப் பிடித்து உலுக்கினேன். அவர் கோபப்படாமல், "நான் அடுத்த வாரம் ஒரு குழுவோட அங்க போறேன். உங்க பீப்பாயிலிருந்தே சாம்பிள் எடுத்துட்டு வர்றேன்" என்றார். சொன்னபடி கொண்டும் வந்தார். இருநூறு மில்லி பாட்டில். மேலே சீட்டில் என் பீப்பாய் எண், எடுத்த தேதி, அறுபத்தொன்று புள்ளி எட்டு என்று சாராயச் சத்துக் கணக்கு. பொன் நிறம்.

நிறம் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு துளி விட்டுத் தேய்த்து மோந்தேன். புகை மாதிரியும் இருந்தது, பலாச்சுளை மாதிரியும் இருந்தது. லாக்டோமீட்டரைக்கூடப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சிரிக்கலாம். மூழ்கி அடியில் போய் டங்கென்று முட்டியது. முப்பத்து நான்கு வருஷத்தில் எந்தத் தண்ணிப் பாலும் எனக்கு அப்படிக் காட்டியதில்லை.

நான் குடிக்கிறவன் இல்லை. இது நல்லதா கெட்டதா, இருநூறு வருஷத்து ஆலையில் வந்ததா, ஈரோட்டில் யாராவது கலக்கியதா என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவனிடம்தான் கேட்க வேண்டும். வெளியாளிடம் கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிகிறது.

ஆமாங்க. பத்து மணிக்குப் பலகாரம் சாப்பிட வந்தான். வளர்மதி பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள், அவள் போய்விட்டிருந்தாள்.

"பூபதி, இங்க வா. ஒண்ணு பாத்துச் சொல்லோணும்."

"என்னதுங்கப்பா?"

பாட்டிலைக் காட்டினேன். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் போனான்.

"அப்பா, இது..."

"தெரியும். குடிக்கச் சொல்லல. டெஸ்ட்டு. நல்லா இருக்குதான்னு பாத்துச் சொல்லு."

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கறாங்க? உனக்குத்தான தெரியும்."

போய்க் கை கழுவிக்கொண்டு வந்தான். ஏன் கை கழுவினான் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. வந்து என் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

நான் இஷ்டத்துக்கு ஊற்றிக் கொடுக்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். கொழுப்பு பார்க்கிறதற்குப் பால் எடுக்கிற பிப்பெட் ஒன்று வீட்டில் இருக்கிறது. கண்ணாடிக் குழாய். அதில் பத்தே முக்கால் மில்லிதான் பிடிக்கும். கூடவும் பிடிக்காது, குறையவும் பிடிக்காது. வாயால் உறிஞ்சித்தான் மேலே ஏற்ற வேண்டும். உறிஞ்சினேன். நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கோட்டில் நிறுத்திவிட்டேன். என் நாக்கில் ஒரு சொட்டும் படவில்லை. அதில் எனக்கு அன்றைக்கு ஒரு பெருமை.

எவர்சில்வர் டம்ளரில் விட்டுக் கொடுத்தேன். அவன் உடனே குடிக்கவில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான், மோந்தான், நாக்கு நுனியில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"மொதல்ல எரியுதுங்கப்பா. அது சத்து அதிகம். அப்புறம் தேனாட்டம் இறங்குது. அதுக்கப்புறம் மழை பேஞ்சு விட்ட மரத்தடியில நிக்கறாப்பல ஒரு வாசம். கடையில விக்கறதுல இது வராது. கலர் போட்டதில்லைங்க. நல்ல சரக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமுங்கப்பா."

பிறகு பீப்பாயைப் பற்றிக் கேட்டான். சொன்னேன். ஆலை, ஓடை, ஓக் மரம், தேவதைகள், எல்லாம். "தேவதைங்களுக்கு யாரு டெஸ்டர்?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சொன்னதையெல்லாம் நான் எழுதிக்கொண்டேன். எரிவு, தேன், மரத்தடி. கடைசியில் 'தரம்: நன்று' என்று போட்டுக் கோடு கிழித்தேன். இருபது நிமிஷம் பேசியிருப்போம். அவனும் நானும் அப்படி உட்கார்ந்து பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன், கணக்கு கிடைக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்கு நல்ல தூக்கம்.

மறுநாள் காலையில் ரிஜிஸ்டரில் நானூற்று இருபத்தேழு என்று எழுதினேன். எழுதும்போது கை நிற்கவில்லை. சொசைட்டியில் டெஸ்ட்டுக்கு எடுக்கிற பால் உறுப்பினர் ஊற்றிய பாலில் சேராது. அதற்குத் தனி வாளி. சாம்பிள் வேறு, சரக்கு வேறு. அதே புத்திதான்.

நானூற்று இருபத்தொன்பதாம் நாள் அவனாகவே வந்தான். "ஒரு தடவ பாத்தது பத்தாதுங்கப்பா. இன்னொருக்கா பாத்தாத்தான் உறுதி" என்றான். எனக்கு அது ஞாயமாகப் பட்டது. நாங்களும் சந்தேகம் வந்தால் இரண்டாவது சாம்பிள் போடுவோம். மறுபடியும் பத்தே முக்கால். பாட்டிலைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆக மொத்தம் நான் கொடுத்தது இருபத்தொன்றரை மில்லி. அதற்கு மேல் அவன் குடித்ததெல்லாம் கடையில் அவன் வாங்கியது.

இதைச் சொல்லவே வாய் கூசுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

நானூற்று முப்பத்தொன்று வரைக்கும் எழுதினேன். மறுநாள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார். உள்ளே செம்புக் கம்பிச் சுருளுக்கு நடுவில் கிடந்தான். அப்புறம் ஒரு வாரம் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டாம். ரிஜிஸ்டரில் கடைசி ஐந்து எண்களும் பொய். அவற்றை அடித்துவிடவும் மனசு வரவில்லை, அப்படியே விடவும் மனசு வரவில்லை.

இல்லத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடமாட்டார்கள். இரண்டாவது ஞாயிறு போனோம். அங்கே ஜெனிஃபர் மேடம் என்று ஒருவர். எல்லாக் குடும்பத்தையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வார். பூபதியிடம், "இவ்வளவு நாள் நல்லா இருந்தீங்க, எப்படி ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "தோணுச்சுங்க. போய் வாங்கினேன்" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் பேசுவது எனக்கு வராது. சொசைட்டிப் பேரவையில்கூட நான் பேசியதில்லை.

மூன்றாவது ஞாயிறு வீட்டார் முறை. வளர்மதி எழுந்து நின்றாள். "எங்கண்ணன் வீட்டுப் புதுமனைக்கு மொய் வெக்கறதுல எனக்கும் அவருக்கும் சண்டைங்க. மனுசனான்னு கேட்டுட்டேன். அன்னைக்குத்தான் போய்க் குடிச்சிருக்கறாரு. நாந்தாங்க காரணம்" என்று சொல்லி அழுதாள். பதினான்கு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை நின்று அழுகிறது. நான் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தேதான் இருந்தேன்.

அந்த ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இட்லி வைக்கும்போதெல்லாம், "மாமா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்பாள். நான், "சரி விடு" என்பேன். நாலு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். சரி விடு.

இன்றைக்கு என் முறை. எழுந்து நின்றேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஸ்காட்லாந்துல இருநூறு வருசத்து ஆலை ஒண்ணு இருக்குதுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். ஓக் மரம் வரைக்கும் போயிருப்பேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஐயா, நீங்க என்ன செஞ்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"குடுத்தேனுங்க."

"என்ன குடுத்தீங்க?"

"விஸ்கி."

"யாருக்கு?"

"இவனுக்கு. பத்தே முக்கால் மில்லி. ரெண்டு தடவ."

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"நல்லா இருக்குதான்னு பாத்துச் சொல்லுன்னு."

பின்னால் இருந்த ஒருத்தன், அவனும் அங்கே சேர்ந்தவன்தான், "எங்கப்பனும் இருந்தானே, பீடிக்கு அஞ்சு ரூவா குடுத்ததில்ல!" என்றான். இன்னொருத்தன், "ஐயா, அடுத்த டெஸ்ட்டுக்கு நான் வரட்டுங்களா?" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேடமே உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிரிக்கட்டும். அதை நான் தாங்கிக்கொண்டேன். வளர்மதியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

பூபதி சிரிக்கவில்லை. மேடம் அவனிடம், "வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, பூபதி?" என்றார்.

"சொல்லியிருக்கலாமுங்க."

"ஏன் சொல்லல?"

அவன் சொன்னான். "எங்கப்பா எங்கிட்ட ஒண்ணு கேட்டது அதுதாங்க மொதல் தடவ. நீ பாத்துச் சொல்லுன்னு, உனக்குத்தான் தெரியும்னு. ரெண்டாவது தடவ நானாப் போனதும் அதுக்குத்தாங்க. குடிக்கறதுக்கு இல்ல. மறுபடி கேப்பாருன்னு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ அவன்தான் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரிப் பார்த்தான்.

வெளியே வராண்டாவில் வளர்மதி ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "போன வாரம் நான் நின்னு அழுதப்ப எம்பையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தீங்களேங்க மாமா." அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்கிறாள். கண்டக்டர் வந்து சொன்னார்.

அவன் சொன்னது நிஜமா என்று யோசித்துக்கொண்டே வருகிறேன். முதல் தடவையாம். நான் கேட்டிருக்கிறேனுங்க. அவனிடம் கேட்காத நாளே இல்லை. எங்க போனே என்று கேட்டிருக்கிறேன். எத்தனை மார்க்கு என்று கேட்டிருக்கிறேன். யார் கூட இருந்தே, பணம் எங்கே, வாயை ஊது பார்க்கலாம்... எல்லாம் கேட்டிருக்கிறேன். கோவில்பாளையத்திலிருந்து இங்கே வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டேன். பதில் தெரிந்துகொண்டே கேட்டவைதான் எல்லாம். எனக்குத் தெரியாத ஒன்றை அவனிடம் கேட்டது, நீங்களே சொல்லுங்கள், அந்த ஒரு தடவைதான் போலிருக்கிறது. அதற்கு அவன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

அடுத்த ஞாயிறு முப்பதாம் நாள். அன்றைக்கு அவனோடு பத்து நிமிஷம் தனியாக இருக்க விடுவார்களாம். "அதட்டாதீங்க, புத்தி சொல்லாதீங்க, அவர்கிட்ட ஏதாவது கேளுங்க" என்று மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்ன கேட்பது? பீப்பாயை வைத்திருப்பதா விற்றுவிடுவதா என்று கேட்கலாமா என்று பார்த்தேன். அதில் அவனுக்கு விவரம் உண்டு.

இல்லை. உங்கள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் அது வேண்டாம் போலிருக்கிறது. வேண்டாம்.

அன்னூர் இப்போதுதான் தாண்டுகிறது. புளியம்பட்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உங்களுக்கும் கல்யாணமான பையன் இருக்கிறான் என்று ஏறும்போது யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. உங்கள் பையனிடம் நீங்கள் என்னென்ன கேட்பீர்கள்? எனக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். சின்னதாக இருந்தாலும் போதும்.